வாசல் தொட்டி, வாசகர் கேள்வி

சென்ற இதழில் "வீட்டுக் குப்பைத் தொட்டி பற்றி எதையும் கேட்கலாம்" என்று ஓரத்தில் ஒரு வரி போட்டிருந்தோம். தேர்தல் நேரத்துக் கேள்விகளில்கூட இத்தனை கோபத்தைப் பார்த்ததில்லை. மாமியார்களைப் பற்றி வந்த கடிதங்களில் தொட்டி சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

செங்கல் வைத்தவர், பெரம்பூர்

கே: வாசலில் வைக்கும் தொட்டியைத் தெருநாய் தினமும் உருட்டிவிடுகிறது. மூடிமேல் செங்கல் வைத்தேன். குப்பை எடுக்க வரும் அக்கா என்னைத் திட்டுகிறார். நியாயமா?

ப: நியாயம்தான். நாய்க்கு உங்கள் செங்கல் ஒன்றுதான். அவருக்கு வீட்டுக்கு ஒரு செங்கல்.

நாயையும் நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அது மூடியைத் திறப்பதில்லை. தொட்டியைச் சாய்க்கிறது, மூடி தானாகக் கழன்றுகொள்கிறது. உச்சியில் செங்கலை ஏற்றினால் கனம் மேலே போய் இன்னும் சுலபமாகச் சாயும். காம்பவுண்டுச் சுவரில் தொட்டியின் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்பு வளையம் அடியுங்கள். தொட்டிகள் பெரும்பாலும் மேலே அகலம், கீழே ஒடுக்கம் என்பதால் வளையத்துக்குள் நன்றாக உட்காரும். மேலே தூக்கினால் வரும், பக்கவாட்டில் தள்ளினால் வராது. நாய்க்குத் தள்ளத்தான் தெரியும்.

மூடிக்கும் வழி இருக்கிறது. கைப்பிடியே தாழ்ப்பாளாக வேலை செய்கிற வாளிகள் உண்டு. கைப்பிடியை முன்னால் சாய்த்தால் மூடி பூட்டிக்கொள்ளும், பின்னால் தள்ளினால் திறக்கும். பிரிட்டனில் சமையல் கழிவுக்கென்று வீடுகளுக்குக் கொடுக்கிற சின்ன வாளிகளில் இந்த வகையைப் பார்க்கலாம். செங்கலை அக்காவிடம் காட்டாமல் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

வரி கட்டுபவர், ஸ்கார்பரோ

கே: ரக்கூன் திறக்கேலாது எண்டு சொல்லி மாநகரசபை பூட்டோட பச்சை வாளி தந்தது. ஒருநாள் விடியப் பாத்தால் வளவு முழுக்கக் கோழி எலும்பு. இதுக்குத்தானோ நாங்கள் வரி கட்டுறம்?

ப: சின்ன வரி இல்லை. அந்த வாளித் திட்டத்துக்கு டொராண்டோ மாநகரம் போட்ட தொகை 3.1 கோடி கனடிய டாலர். அப்போதைய மேயர் ஜான் டோரி 2015-இல் நிருபர்களைக் கூட்டி வைத்து ரக்கூன்களின் மேல் கிட்டத்தட்ட போரே அறிவித்தார். 2016-இல் வாளிகள் வீடு வீடாக வர ஆரம்பித்தன.

யோசனை என்னவோ அருமையானது. மூடியில் திருகுகிற கைப்பிடி. ரக்கூனுக்கு ஐந்து விரல் உண்டு, ஆனால் மற்ற விரல்களுக்கு எதிரே மடங்கி வருகிற கட்டைவிரல் கிடையாது. பிடித்துத் திருக முடியாது என்பது கணக்கு. யார்க் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் நடத்தையை ஆராயும் சுசேன் மெக்டொனால்ட் வாளியை ரக்கூன்களிடமே விட்டுச் சோதித்தார். ரக்கூன்கள் தோற்றன.

எனக்குப் பிடித்தது பூட்டின் மறுபாதி. அது ஈர்ப்பு விசையில் இயங்குகிறது. லாரியின் இயந்திரக் கை வாளியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தால் பூட்டு தானே விட்டுக்கொடுத்து மூடி திறந்துகொள்ளும். வெறுமனே தரையில் சாய்த்தால் திறக்காது. சாவி இல்லை, டிரைவர் இறங்க வேண்டியதும் இல்லை. எடுத்துப் போகிறவருக்கு மட்டும் திறக்கிற பூட்டு! வீட்டுப் பொருள்களில் இவ்வளவு புத்தியோடு செய்யப்பட்டவை குறைவு.

பிறகு கோழி எலும்பு எப்படி வந்தது? 2018-இல் ஒரு தாய் ரக்கூன் வாளியைக் கீழே தள்ளி, கைப்பிடியைத் திருகித் திறப்பது கேமராவில் சிக்கி, டொராண்டோ ஸ்டார் நாளிதழில் பெரிய கதையாக வந்தது. நிமிர்ந்து நிற்கும் வாளியில் கைப்பிடி உச்சியில் இருக்கிறது. விழுந்துவிட்டால் அது ரக்கூனின் மூக்குக்கு நேரே வந்துவிடுகிறது. ஆகவே வாளியை வேலியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள், குப்பை எடுக்கும் நாள் காலையில் அவிழ்த்து வெளியே வையுங்கள், முதல் நாள் இரவில் வேண்டாம். கைப்பிடி ஆடுகிறதா, உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வரியைப் பற்றி மேயரிடம்தான் கேட்க வேண்டும்.

அவசரக்காரர், தூத்துக்குடி

கே: அந்தப் பூட்டை நம்ம ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன?

ப: வரலாம். ஆனால் அந்தப் பூட்டு நம்பியிருப்பது லாரியின் இரும்புக் கையை. நம் தெருவில் தொட்டியைக் கவிழ்ப்பது தூய்மைப் பணியாளரின் இரண்டு கை. பேட்டரி வண்டியின் விளிம்பு வரைக்கும் தூக்கி, கவிழ்த்து, தட்டி, திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இதையே ஒரு காலையில் நூறு வீட்டுக்கு மேல்.

தொட்டியைக் கடையில் வாங்குபவர் ஒருவர். அதில் கொட்டுபவர் வீட்டிலுள்ள இன்னொருவர். தூக்கிக் கவிழ்ப்பவர் மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளைக் கேட்டுச் செய்த தொட்டியை நம் கடைகளில் நான் பார்த்ததே இல்லை. கவிழ்க்கும்போது ஒரு கை மேல் விளிம்பில், மறு கை அடியில். அந்த அடிப்பாகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. கையுறையும் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நான்கு விரல் நுழைகிற ஒரு பள்ளத்தை அடியில் வைத்து வார்க்க அச்சில் ஒரு சின்ன மாற்றம் போதும். அதே செலவில் மூடியைக் கீல் போட்டுத் தொங்கவிட்டால் சாக்கடையில் விழுந்த மூடியைத் தேடுகிற வேலையும் இருக்காது. தாழ்ப்பாள் கையுறை போட்ட கைக்கு அகப்படுகிற அளவில் இருக்கட்டும். டொராண்டோ பூட்டைப் பிறகு பார்க்கலாம்.

மகள், தஞ்சாவூர்

கே: 120 லிட்டர் சக்கரத் தொட்டி வாங்கினோம். சக்கரம் இருந்தும் அம்மாவால் இழுக்க முடியவில்லை. ஏமாந்துவிட்டோமா?

ப: தொட்டி ஏமாற்றவில்லை, அளவுதான் ஏமாற்றியது. சக்கரத் தொட்டிகளுக்கு ஐரோப்பாவில் ஈ.என். 840 என்று ஒரு தரநிலை இருக்கிறது. லிட்டருக்கு 0.4 கிலோ என்று அதில் கணக்கு. 120 லிட்டருக்கு 48 கிலோ, 240 லிட்டருக்கு 96 கிலோ. இதற்குமேல் தொட்டியின் சொந்த எடை வேறு. நிறைந்த தொட்டியை அம்மாவிடம் கொடுத்தால் ஓர் அரிசி மூட்டையை இழுக்கச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆனாலும் இழுக்க முடியும், சாய்க்கத் தெரிந்தால். கட்டட வேலையில் மண் அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைப் பார்த்திருப்பீர்களே, அதே நெம்புகோல்தான். இருசில் ஒரு காலை வைத்துத் தொட்டியைத் தன் பக்கம் மெதுவாகச் சாய்க்க வேண்டும். ஓர் இடத்தில் கனம் சட்டென்று குறையும். மொத்த எடையும் இருசுக்கு நேர் மேலே வந்துவிட்ட இடம் அது. அதற்குமேல் சாய்த்தால் எடை கைக்கு வரும். குறைவாகச் சாய்த்தால் தொட்டி நிமிரப் பார்க்கும். அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் வித்தை. ஈரக் குப்பையை அடியில், சக்கரத்தின் பக்கமாகப் போட்டால் இன்னும் எளிது. படியோ வேகத்தடையோ வந்தால் தள்ளக் கூடாது. திரும்பி நின்று இழுக்க வேண்டும். தள்ளும்போது சக்கரம் படியில் முட்டி நிற்கும், இழுக்கும்போது ஏறிவிடும்.

சக்கரத்தின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். இந்த வகைத் தொட்டிகளுக்கு 20 சென்டிமீட்டர் சக்கரம் வழக்கம். பணம் மிச்சம் பிடிக்கிற கம்பெனி முதலில் கை வைப்பது அதில்தான். சின்னச் சக்கரம் மொசைக் தரையில் ஓடும். உங்கள் சந்து மணலில் புதைந்துவிடும். இருசு இரும்புக் கம்பியாக இருக்கட்டும்.

இன்னொன்று. சக்கரத் தொட்டி வீட்டுக்கென்று பிறந்ததே அல்ல. 1968-இல் இங்கிலாந்தின் ஸ்லோ நகரில் ஃபிராங்க் ரோதரம் மோல்டிங்ஸ் என்ற நிறுவனம், தொழிற்சாலைக்குள் கழிவை நகர்த்துவதற்காகச் செய்தது. வாரம் ஒருமுறை லாரி வருகிற ஊர்களில் அது வீடுகளுக்குப் பரவியது. உங்கள் தெருவில் வண்டி தினமும் வருகிறதா? அப்படியானால் நான்கு பேர் வீட்டு ஈரக் குப்பைக்கு 15 லிட்டர் வாளி தாராளம். தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது குடும்பம் இல்லை, வண்டி வருகிற நாள். 120 லிட்டரில் காய்ந்த தென்னை மட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, மதுரை

கே: எங்களுக்கு?

ப: சக்கரத்தை மறந்துவிடுங்கள். ஒரே பெரிய வாளி உடம்பை ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு கைக்கு இரண்டு சின்ன வாளி, ஒன்றில் ஈரம், ஒன்றில் காய்ந்தது. கம்பிக் கைப்பிடி விரலை அறுக்காமலிருக்கப் பழைய தோட்டக் குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் கீறி மாட்டுங்கள். பால்கனியிலிருந்து கயிறு கட்டி இறக்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். கீழ்வீட்டில் வேட்டி காயாத நேரமாகப் பார்த்துச் செய்யவும்.

பறவை அஞ்சி, சிட்னி

கே: இங்கே தொட்டியைத் திறப்பது வெள்ளைக் காக்கட்டூ. நம்புவீர்களா?

ப: நம்புகிறேன். சயன்ஸ் இதழே நம்பிவிட்டது. அலகால் மூடியின் விளிம்பைக் கவ்வி, நெம்பித் தூக்கி, தொட்டியின் ஓரத்திலேயே நடந்து போய் மூடியைப் பின்னால் புரட்டிவிடுகிறது. 2018-க்கு முன் 3 புறநகர்ப் பகுதிகளில் மட்டும் தெரிந்திருந்த வித்தை, 2019 முடிவதற்குள் 44 பகுதிகளுக்குப் பரவியிருந்தது என்று 2021-இல் அந்த இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்கின்றன. பகுதிக்குப் பகுதி திறக்கிற பாணியும் மாறுகிறதாம்.

பெரம்பூர் வாசகர் கவனிக்க: சிட்னிக்காரர்களும் மூடிமேல் செங்கல்தான் வைத்தார்கள். பறவை அதைத் தள்ளிவிடக் கற்றுக்கொண்டது. பிறகு தண்ணீர் பாட்டிலை மூடியோடு கட்டினார்கள், கீலுக்குள் குச்சியையும் பழைய செருப்பையும் செருகினார்கள். கீலில் செருகுவது நல்ல யோசனை: பறவை புரட்டும்போது மூடி முழுதாக மடியாது, லாரி கவிழ்க்கும்போது குப்பை விழுகிற அளவுக்குத் திறக்கும். 2022-இல் வந்த அடுத்த ஆய்வு மனிதர்களைப் பற்றியது. பக்கத்து வீட்டில் பார்த்துத்தான் அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள் என்று அதில் தெரியவந்தது.

தேயிலைத் தோட்டத்தார், கோத்தகிரி

கே: நாய், கிளி எல்லாம் இருக்கட்டும். எங்களுக்கு வருவது கரடி.

ப: கரடிக்கென்றே ஒரு தேர்வு மையம் இருக்கிறது. அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற ஊரில். கம்பெனிகள் தங்கள் தொட்டிகளை அங்கே அனுப்பும். உள்ளே தின்பண்டம் வைத்து, அங்கே வளர்கிற கரடிகளிடம் விட்டுவிடுவார்கள். கடித்து, குதித்து, புரட்டி 60 நிமிடம் போராடியும் திறக்காவிட்டால் தேர்ச்சி. தேர்வு எழுதுவது தொட்டி, திருத்துவது கரடி.

தேறுகிற தொட்டிகளில் தாழ்ப்பாள் பெரும்பாலும் ஓர் உறைக்குள் மறைந்திருக்கும். விரலைக் கீழிருந்து மேலாக விட்டு அழுத்த வேண்டும்; அகலப் பாதமும் நீள நகமும் அந்த இடுக்கில் நுழையாது. இதில் ஒரு சங்கடம். பூட்டு கடினமாகிப்போனால் சுற்றுலா வந்தவருக்கும் திறக்கத் தெரியாது. பையைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போவார். கரடிக்குத் திறக்கிற வேலையும் மிச்சம்.

உங்கள் ஊர்க் கரடி கறையான் புற்றை உடைத்துத் தின்கிற ஜாதி. கோயில் விளக்கு எண்ணெயைக்கூட விடுவதில்லை. பிளாஸ்டிக் தொட்டியை அதன் முன்னால் வைப்பது விருந்து. தனித்தனித் தொட்டியை விட்டுவிட்டு, நாலைந்து வீடு சேர்ந்து கான்கிரீட்டில் போல்ட் போட்ட ஓர் இரும்புப் பெட்டி வையுங்கள். பலாத்தோலும் எண்ணெய்க் காகிதமும் இரவில் வெளியே இருக்கக் கூடாது.

இடுப்பு வலிக்காரர், திருச்சி

கே: காலால் மிதித்துத் திறக்கும் தொட்டியைக் கண்டுபிடித்தது யார்? அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ப: லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பொறியாளரைச் சொல்வார்கள். வேலையில் வீண் அசைவுகளை எண்ணிக் குறைப்பது அவர் தொழில். வீட்டில் பன்னிரண்டு குழந்தைகள் பெற்றவர். வீண் அசைவு எது என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

டென்மார்க்கின் ராண்டர்ஸ் நகரில் ஹோல்கர் நீல்சன் என்பவர் 1939-இல் தன் மனைவியின் முடிதிருத்தும் நிலையத்துக்காக ஒரு மிதி தொட்டி செய்தார். லாட்டரியில் கார் விழுந்து, ஓட்ட உரிமம் இல்லாததால் அதை விற்றுக் கடைசல் இயந்திரம் வாங்கிய மனிதர். அந்தத் தொட்டி இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் சூட்சுமம் அடிக் கனம்: மிதித்தால் நகராது, சாயாது. நம் கடைகளில் தொங்குகிற பிளாஸ்டிக் மிதி தொட்டிக்கு அது கிடையாது. மிதித்தால் மூடியோடு சேர்ந்து தொட்டியும் எழுந்து வணக்கம் சொல்லும். அடியில் ஒரு டைல்ஸ் துண்டைப் போட்டுப் பாருங்கள்.

நவீனன், ஓசூர்

கே: கை காட்டினால் தானே திறக்கும் சென்சார் தொட்டி வாங்கலாமா?

ப: பூனை வளர்க்கிறீர்களா? அதுவும் கை காட்டும்.

தோள்பட்டை, கோவை

கே: நிறைந்த பையைத் தொட்டியிலிருந்து இழுத்தால் தொட்டியே கூட வருகிறது. ஏன்?

ப: பை மேலே போகும்போது அடியில் வெற்றிடம் உண்டாகிறது. வெளிக் காற்று பையைக் கீழே அழுத்துகிறது. தொட்டியின் பக்கவாட்டில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், சூடு வைத்த ஆணியால் மூன்று நான்கு துளை போடுங்கள். காற்று உள்ளே போகும், பை வழுக்கி வரும். அடித்தட்டில் மட்டும் போடாதீர்கள், மீன் கழுவிய தண்ணீர் வெளியே வரும்.

பெருச்சாளி எதிரி, திருவொற்றியூர்

கே: தகரமா, பிளாஸ்டிக்கா?

ப: பெருச்சாளிக்குத் தகரம், உப்புக் காற்றுக்குப் பிளாஸ்டிக். நீங்கள் இருப்பதோ இரண்டுக்கும் நடுவில். எலியின் முன்பல் சாகும்வரை வளரும். கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். அதற்குப் பிடிமானம் கொடுப்பது விளிம்பும் விரிசலும்தான். தடித்த பிளாஸ்டிக், உருண்ட விளிம்பு, இறுக்கமான மூடி என்றால் சமாளிக்கலாம். விளிம்பில் பல் பதிந்த தடம் தெரிந்ததும் மாற்றிவிடுங்கள்.

நியூயார்க்கே இதைப் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. கறுப்புப் பைகளை நடைபாதையில் குவித்துவைத்து எலிகளுக்கு இரவுச் சாப்பாடு போட்ட நகரம் அது. ஒன்று முதல் ஒன்பது வீடுகள் வரை உள்ள கட்டடங்கள் மூடியுள்ள தொட்டியில்தான் குப்பை வைக்க வேண்டும் என்ற விதி 2024 நவம்பரில்தான் வந்தது.

மீன் பிரியர், நாகர்கோவில்

கே: மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் புழு.

ப: மூடி போடுவதற்கு முன்பே, மீன் வெட்டிய இடத்திலேயே ஈ முட்டை வைத்துவிட்டது. வெயில் காலத்தில் ஒரே நாளில் பொரியும். செதிலையும் குடலையும் செய்தித்தாளில் இறுகச் சுற்றி, தண்ணீர் வடித்துப் போடுங்கள், அன்றைக்கே வெளியேற்றுங்கள். ஃப்ரீசரில் வைக்கலாம் என்பது பலர் சொல்கிற நல்ல வழி. வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

சர்க்கரைக்காரர், ஈரோடு

கே: இன்சுலின் ஊசியை எதில் போடுவது?

ப: ஊசி துளைக்காத தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில். முக்கால் பங்கு நிறைந்ததும் திருகி மூடி, மேலே "ஊசி" என்று எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதை வீட்டு அபாயக் கழிவில் சேர்த்தன. உடைந்த கண்ணாடிக்கும் பிளேடுக்கும் அட்டைப்பெட்டி. நாய் திறக்காத தொட்டி கேட்டு எழுதியவர்கள் ஏராளம், தொட்டிக்குள் கை விடுகிறவரைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

சலித்தவர், புதுச்சேரி

கே: பச்சை ஒன்று, நீலம் ஒன்று, அபாயத்துக்கு ஒன்று. இத்தனை தொட்டி எந்த அதிகாரியின் மூளையில் உதித்தது?

ப: உங்கள் ஊருக்குப் பழக்கமான தேசத்தின் அதிகாரிதான். பாரிஸ் நகரை நிர்வகித்த யூஜின் புபெல், 1883 நவம்பர் 24 அன்று போட்ட ஆணையில் வீட்டுச் சொந்தக்காரர்கள் குடியிருப்பவர்களுக்கு மூடியுள்ள தொட்டி தர வேண்டும் என்றார். அதுவும் மூன்று: அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று. வீட்டுக்காரர்கள் செலவைச் சொல்லிக் கத்தினார்கள். கந்தல் பொறுக்கிப் பிழைத்தவர்கள் பிழைப்பைச் சொல்லிக் கத்தினார்கள். அவர்கள் கத்தியதில் நியாயம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் குப்பைத் தொட்டியை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். உங்கள் சலிப்பு 140 வருஷம் தாமதம்.

மருமகள், பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

கே: இலவசமாகக் கிடைத்த புதுத் தொட்டியில் மாமியார் அரிசி கொட்டி வைத்திருக்கிறார். "எறும்புகூட ஏறவில்லை, எவ்வளவு நல்ல மூடி" என்கிறார். குப்பை இன்னும் பழைய பெயின்ட் டப்பாவில். என்ன செய்ய?

ப: தொட்டியைச் சரியாகச் சோதித்தவர் உங்கள் மாமியார்தான். அடுத்த முறை தொட்டி வந்தால், அவர் கண்ணில் படுவதற்கு முன் கோவை வாசகருக்குச் சொன்ன நான்கு துளையைப் போட்டுவிடுங்கள்.